மாத்தினேன்... ஆனா மாறலையே! புரோகிராமர்களைத் தூங்கவிடாத பில்ட் டூல் 'கேஷ்' என்றால் என்ன?

இரவு ஒரு மணி. ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்தால், ரூம்மேட் லேப்டாப் முன்னால் தலையில் கைவைத்தபடி உட்கார்ந்திருக்கிறான்.

"மச்சான், ஃபைல்ல மாத்திட்டேன்டா. சேவ் பண்ணிட்டேன். மூணு தடவை ஓட்டியும் பார்த்துட்டேன். மாறவே மாட்டேங்குது."

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை அவனுக்கு. அன்றைய வேலை ரொம்பச் சின்னது. புரோகிராமில் 'ஆன்' என்று இருந்த ஒரு வசதியை 'ஆஃப்' ஆக்க வேண்டும், ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு மூன்று மணி நேரம் போய்விட்டது. கடைசியில் சீனியரை எழுப்பினான். தூக்கக் கலக்கத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "பில்ட் ஃபோல்டரை அப்படியே டெலிட் பண்ணிட்டு திரும்ப ஓட்டுப்பா."

ஓட்டினான். சரியாகிவிட்டது. ஏன் சரியானது? சீனியர் சொல்லவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. தமிழ் படித்துவிட்டு செய்தி டெஸ்கில் உட்கார்ந்திருக்கும் எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. ஆனால் கேள்வி மட்டும் மண்டைக்குள் நின்றுவிட்டது. தேடிப் படித்தபோது, 2024-ல் உலகத்தையே பதறவைத்த ஒரு சைபர் சதி வரைக்கும் இந்த விஷயம் நீள்வது தெரிந்தது. வாங்க, ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம்.

பில்ட் டூல் என்றால் என்ன?

புரோகிராமர் எழுதுவது மனிதர்கள் படிக்கக்கூடிய வரிகள். கம்ப்யூட்டருக்கு அது நேரடியாகப் புரியாது. கம்பைலர் என்ற மென்பொருள்தான் அதை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும். ஒரு ஃபைல் என்றால் சுலபம். பெரிய மென்பொருள் என்றால் ஆயிரக்கணக்கான ஃபைல்கள் இருக்கும். எதை முதலில் மாற்றுவது, எதை எதோடு இணைப்பது, எந்த லைப்ரரி இந்தக் கம்ப்யூட்டரில் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் ஒரு மேஸ்திரி மாதிரி பார்த்துக்கொள்வதுதான் பில்ட் டூலின் வேலை.

இந்த வகை டூல்களில் மூத்தது 'மேக்'. அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 1976-ல் எழுதியது. அது பிறந்த கதையே நம்ம ரூம்மேட் கதைதான். உடன் வேலை பார்த்த ஸ்டீவ் ஜான்சன், ஒரு புரோகிராமில் பிழை தேடித்தேடி ஒரு காலைப்பொழுதையே தொலைத்திருக்கிறார். பிழையை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டார். ஆனால் திருத்திய ஃபைல் மறுபடி கம்பைல் ஆகவில்லை. பழைய புரோகிராமையே ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்! கோபத்தோடு ஃபெல்ட்மேன் அறைக்குள் அவர் வந்த பிறகுதான் 'மேக்' யோசனையே பிறந்தது. மாறிய ஃபைலைக் கண்டுபிடித்து, அதைச் சார்ந்ததை மட்டும் மறுபடி செய்யும் டூல். இந்தக் கண்டுபிடிப்புக்காக 2003-ல் ஃபெல்ட்மேனுக்கு ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது கிடைத்தது.

அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. 'மாத்தினேன், மாறலை' என்ற புலம்பல் மட்டும் ஓயவில்லை. ஏன்? இப்போது விஷயம் ஃபைலில் இல்லை, செட்டிங்கில்.

அது என்ன மாறாத 'மாறி'?

ஆங்கிலத்தில் வேரியபிள் என்பதைப் பள்ளி பாடப்புத்தகம் 'மாறி' என்கிறது. ஒரு பெயர், அதற்குள் ஒரு மதிப்பு. எந்தக் கம்பைலர், எந்த ஃபோல்டர், எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் எல்லாமே பில்ட் டூலில் மாறிகளாகத்தான் இருக்கும்.

சி, சி பிளஸ் பிளஸ் உலகத்தில் இன்று அதிகம் புழங்குவது 'சிமேக்'. கிட்வேர் என்ற அமெரிக்க நிறுவனம் 2000-ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கியது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நிதி கொடுத்த ஐடிகே என்ற மருத்துவப் படங்களை ஆராயும் மென்பொருளை, எல்லா வகைக் கம்ப்யூட்டரிலும் பில்ட் செய்ய ஒரு வழி தேவைப்பட்டது. அதற்காக வந்த டூல், இன்று எங்கெங்கோ பரவிவிட்டது.

சிமேக்கில் மாறிகள் இரண்டு ஜாதி. (எல்லா இடத்திலும் இந்தப் பிரச்சினைதான்!)

ஒன்று, சாதாரண மாறி. ஓட்டும்போது பிறக்கும், ஓட்டி முடித்ததும் போய்விடும். ஒரு ஃபங்ஷனுக்குள் மாற்றினால் வெளியே தெரியாது. துணை ஃபோல்டருக்குள் மாற்றினால் மேல் ஃபோல்டருக்குத் தெரியாது. இதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை.

இன்னொன்று, கேஷ் மாறி. (பணம் 'கேஷ்' இல்லைங்க. உச்சரிப்பு ஒன்றுதான், இது பதுக்கி வைத்துக்கொள்வது என்ற அர்த்தத்தில் வருவது.) இது போகாது. பில்ட் ஃபோல்டருக்குள் 'சிமேக்கேஷ்' என்ற டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிவைக்கப்படும். லேப்டாப்பை அணைத்துவிட்டு அடுத்த மாதம் திறந்தாலும் அப்படியே இருக்கும்.

சமையல் மாஸ்டர் நோட்டு

இதைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாண வீட்டுக்குப் போகலாம். சமையல் மாஸ்டர் முதல் நாள் வந்து "எத்தனை இலை?" என்று கேட்கிறார். நீங்கள் "ஐநூறு" என்கிறீர்கள். நோட்டில் குறித்துக்கொள்கிறார். அடுத்த வாரம் வீட்டில் கூடிப் பேசி, உங்கள் டைரியில் ஐநூறை அடித்துவிட்டு எழுநூறு என்று எழுதுகிறீர்கள். மாஸ்டரிடம் சொல்லவில்லை. கல்யாணத்தன்று எத்தனை பேருக்குச் சோறு இருக்கும்? ஐநூறுதான். டைரியைத் திருத்தியதை அவர் எப்படிப் பார்ப்பார்? அவர் பார்ப்பது அவருடைய நோட்டை.

இங்கே டைரி என்பது புரோகிராமர் திருத்தும் ஃபைல். 'சிமேக்லிஸ்ட்ஸ்' என்று பெயர். நோட்டு என்பது கேஷ். அந்த ஃபைலில் "இந்த வசதி ஆன்" என்று கேஷ் மாறியாக எழுதினால், சிமேக் அதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்வதில்லை. "யாரும் எதுவும் சொல்லாவிட்டால் ஆன் என்று வைத்துக்கொள்" என்றுதான் படிக்கிறது. முதல் தடவை நோட்டு காலி, அதனால் 'ஆன்' என்று குறித்துக்கொள்ளும். அடுத்த தடவையிலிருந்து நோட்டில்தான் ஏற்கெனவே பதில் இருக்கிறதே! ஃபைலில் 'ஆஃப்' என்று நீங்கள் மாற்றியதை அது கண்டுகொள்ளாது.

என் ரூம்மேட்டுக்கு நடந்தது இதேதான். பில்ட் ஃபோல்டரை டெலிட் செய்ததும் நோட்டும் சேர்ந்து போய்விட்டது. மாஸ்டர் மறுபடி முதல் நாள் மாதிரி கேட்டார், புதிய பதில் கிடைத்தது.

இதில் இன்னொரு கொடுமை, எரர் எதுவும் வராது. "நீங்க மாத்தினதை நான் எடுத்துக்கலை" என்று ஒரு எச்சரிக்கைகூட வராது. எல்லாம் நன்றாக முடிந்தது என்றே காட்டும்.

ஏன் இப்படி வடிவமைத்தார்கள்?

கேட்டால் கோபம் வரும், ஆனால் நியாயம் இருக்கிறது. மென்பொருளை எழுதுபவர் ஒருவர், அதைத் தன் கம்ப்யூட்டரில் பில்ட் செய்பவர் இன்னொருவர். எழுதியவருக்கு உங்கள் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று தெரியாது. "எனக்கு இந்த வசதி வேண்டாம், லைப்ரரி இந்த ஃபோல்டரில் இருக்கு" என்று நீங்கள் ஒருமுறை சொன்னால், அவர் அனுப்பும் அடுத்த அப்டேட் உங்கள் முடிவை அழித்துவிடக் கூடாது. அதனால்தான் நோட்டுக்கு மரியாதை.

பழைய 'மேக்' இதற்கு நேர் எதிர். கமாண்ட் லைனில் ஒரு மதிப்பைச் சொன்னால், ஃபைலில் எழுதியிருப்பதையும் மீறி அது ஜெயிக்கும். ஆனால் அந்த ஒரு தடவைக்கு மட்டும். அடுத்த தடவை சொல்ல மறந்தால், மேக்கும் மறந்துவிடும். சிமேக்கில் 'மைனஸ் டி' போட்டு ஒரு மதிப்பைச் சொன்னால் அது நேரே நோட்டில் ஏறிவிடும். மறுபடி சொல்லவே வேண்டாம். ஒன்று மறதிக்காரர், இன்னொன்று எதையும் மறக்காதவர். இரண்டோடும் குடும்பம் நடத்துவது கஷ்டம்தான்.

மறக்காதவரால் வரும் சிக்கலுக்கு ஒரு சாம்பிள். சிமேக்கில் 'பில்ட் டைப்' என்று ஒரு மாறி உண்டு. பிழை தேடும்போது 'டீபக்', மக்களுக்குக் கொடுக்கும்போது 'ரிலீஸ்'. ஒரு ஃபோல்டரில் பிழை தேடுவதற்காக 'டீபக்' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், நீங்களாக மாற்றும் வரை அந்த ஃபோல்டர் டீபக்தான். எதுவுமே சொல்லாமல் விட்டாலும் வம்பு. மேக் வழியாக பில்ட் ஆகும்போது அந்த இடம் வழக்கமாகக் காலியாகவே இருக்கும். கம்பைலர் வேகப்படுத்தும் வேலை எதையும் செய்யாது. அந்தப் புரோகிராமை ஓட்டிப் பார்த்துவிட்டு 'இந்த மென்பொருள் ரொம்ப ஸ்லோ' என்று தீர்ப்பு எழுதியவர்கள் எத்தனையோ பேர்.

ஒரே பெயரில் இரண்டு மாறி இருந்தால்?

இங்கேதான் குழப்பம் உச்சத்துக்குப் போகும். கேஷ் மாறிக்கும் சாதாரண மாறிக்கும் ஒரே பெயர் இருக்கலாம். அப்போது சிமேக் முதலில் பார்ப்பது சாதாரண மாறியை. அது இல்லாவிட்டால்தான் நோட்டைப் புரட்டும்.

உதாரணமாக, சி பிளஸ் பிளஸ் மொழியின் எந்தப் பதிப்பு வேண்டும் என்பதை எழுதியவர் ஃபைலில் சாதாரண மாறியாக 17 என்று வைத்துவிட்டார். நீங்கள் கமாண்ட் லைனில் 20 என்கிறீர்கள். நோட்டைத் திறந்து பார்த்தால் 20 என்று பளிச்சென இருக்கும். ஆனால் பில்ட் ஆவது 17-ல். நோட்டையும் நம்ப முடியாது என்ற நிலைமை!

2021-ல் வந்த 3.21 பதிப்பு வரை இதைவிட விநோதம் ஒன்று இருந்தது. சாதாரண மாறி ஒன்று இருக்கும்போது, அதே பெயரில் முதல்முறையாக ஒரு கேஷ் மாறியை ஃபைல் உருவாக்கினால், அந்தச் சாதாரண மாறி காணாமல் போய்விடும். இரண்டாவது தடவை ஓட்டும்போது கேஷ் மாறி ஏற்கெனவே இருப்பதால் சாதாரண மாறி பிழைத்துக்கொள்ளும். அதாவது ஒரே ஃபைல், ஒரே கம்ப்யூட்டர், முதல் தடவை ஒரு பதில், இரண்டாம் தடவை வேறு பதில். 3.21-ல் இதைத் திருத்தினார்கள். ஆனால் "நான் பழைய பதிப்புக்காக எழுதப்பட்டவன்" என்று ஃபைலின் தலைப்பிலேயே அறிவிக்கும் புராஜெக்ட்டுகளுக்குப் பழைய குணமே தொடரும். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் அறிவித்திருக்கிறார்கள் என்பது ரூம்மேட்டின் குற்றச்சாட்டு.

நாம் எழுதாத பதில்களும் நோட்டில் உண்டு

இதுவரை பார்த்தது நாம் சொன்ன பதில்கள். சிமேக் தானாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பதில்களும் அதே நோட்டில்தான் ஏறுகின்றன. ஆபத்து அதிகம் இருப்பது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு கம்ப்யூட்டரில் ஒரு வசதி இருக்கிறதா என்று பில்ட் டூல் எப்படிக் கண்டுபிடிக்கும்? அந்த வசதியைப் பயன்படுத்தும் ஒரு குட்டி புரோகிராமைக் கம்பைல் செய்து பார்க்கும். கம்பைல் ஆனால் 'இருக்கு', ஆகாவிட்டால் 'இல்லை'. ஏன் ஆகவில்லை என்று நின்று யோசிக்காது. வசதி நிஜமாகவே இல்லாமல் இருக்கலாம், அல்லது அந்தக் குட்டி புரோகிராமிலேயே எழுத்துப்பிழை இருக்கலாம். டூலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

வந்த பதில் நோட்டில் ஏறிவிடும். 'இல்லை' என்று ஒருமுறை எழுதிவிட்டால், அப்புறம் நீங்கள் அந்த வசதியை இன்ஸ்டால் செய்தாலும் மறுபடி சோதிக்காது. சோதனைப் புரோகிராமையே திருத்தி எழுதினாலும் சோதிக்காது. போதாக்குறைக்கு இந்தப் பதில்கள் 'இன்டர்னல்' என்ற வகையில் சேர்வதால், சிமேக்கின் திரையில் செட்டிங்குகளைப் பார்க்கும்போது கண்ணிலும் படாது. லைப்ரரி தேடும் கட்டளை கொஞ்சம் பரவாயில்லை. கிடைக்காவிட்டால் அடுத்த முறை மறுபடி தேடும். கிடைத்துவிட்டால் மட்டும் அதே இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஒற்றைப் புள்ளி செய்த வேலை

இதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்கலாம். 2024 மார்ச் 29-ஆம் தேதிக்குப் போக வேண்டும்.

மைக்ரோசாஃப்டில் பணிபுரியும் ஆண்ட்ரெஸ் ஃப்ரோயிண்ட் என்ற இன்ஜினியர், டேட்டாபேஸ் ஒன்றின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். சர்வருக்குள் லாக்-இன் ஆக வழக்கத்தைவிட சுமார் அரை விநாடி அதிகம் ஆவதைக் கவனித்தார். மற்றவர்களாக இருந்தால் விட்டிருப்பார்கள், அவர் விடவில்லை. தோண்டியபோது, 'எக்ஸ்-இசட்' என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ரகசியக் கதவு வைத்திருப்பது தெரிந்தது. லினக்ஸ் சர்வர்களுக்குள் அனுமதி இல்லாமல் நுழைய வைக்கும் கதவு. அதன் ஆபத்துக்குக் கொடுக்கப்பட்ட மதிப்பெண் பத்துக்குப் பத்து. ஜியா டான் என்ற பெயரில் இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பராமரிப்பாளர் பொறுப்பு வரைக்கும் வந்த ஒரு அடையாளம்தான் அதைச் செய்தது. பெரும்பாலான லினக்ஸ் வகைகளின் நிலையான பதிப்புகளை எட்டும் முன்பே பிடிபட்டது.

அந்தக் கதவு நுழைந்த வழி எது தெரியுமா? புரோகிராமின் முக்கியக் கோப்புகள் வழியாக அல்ல, பில்ட் ஸ்கிரிப்ட் வழியாக. யாரும் உட்கார்ந்து படிக்காத இடம் அதுதானே.

கதவு வெளியே தெரிந்ததும் எக்ஸ்-இசட்டின் மூலப் பராமரிப்பாளர் லாசே காலின், ஜியா டான் தொட்ட வரிகளை அலசினார். அப்போது சிமேக் ஃபைலில் சிக்கியது இன்னொரு வேலை. லினக்ஸில் 'லேண்ட்லாக்' என்ற பாதுகாப்பு வசதி உண்டு. ஒரு புரோகிராம் எந்தெந்த ஃபைலைத் தொடலாம் என்று வேலி போடுவது. வெளியிலிருந்து வரும் ஃபைல்களைப் பிரிக்கும் எக்ஸ்-இசட்டுக்கு அந்த வேலி அவசியம். அது இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று சோதிக்கும் குட்டி புரோகிராமில், ஒரு வரியின் ஆரம்பத்தில் ஒற்றைப் புள்ளி. முற்றுப்புள்ளி அளவுதான். அந்தப் புள்ளியால் அது எந்தக் கம்ப்யூட்டரிலும் கம்பைல் ஆகாது. டூல் 'இல்லை' என்று எழுதிக்கொள்ளும். வேலி இல்லாமலே புரோகிராம் தயாராகும். எரர் வராது, ஏனென்றால் டூலைப் பொறுத்தவரை எதுவுமே தவறாக நடக்கவில்லை.

'கல்' என்பதில் ஒரு புள்ளியை எடுத்தால் 'கல' ஆகிவிடும் என்று படித்து வந்த எனக்கு, அந்தப் புள்ளியைப் பார்த்து வியக்காமல் இருக்க முடியவில்லை. நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லினக்ஸ் விநியோகங்கள் எக்ஸ்-இசட்டைப் பெரும்பாலும் சிமேக் வழியாக பில்ட் செய்வதில்லை. அதனால் இந்தப் புள்ளியின் நேரடிப் பாதிப்பு குறைவு. ஆனால் நோட்டின் விதியை இங்கே பொருத்திப் பாருங்கள். மேலே சொன்ன மாதிரி, சோதனைப் புரோகிராமைத் திருத்தினாலும் சிமேக் மறுபடி சோதிக்காது. புள்ளியை எடுத்த பிறகும், பழைய பில்ட் ஃபோல்டரை வைத்திருப்பவரின் நோட்டில் அந்த 'இல்லை' உட்கார்ந்துதான் இருக்கும்.

மறதியே மேல் என்று முடிவெடுத்தவர்கள்

சிமேக்குக்கு முன்பே வந்த 'ஆட்டோகான்ஃப்' டூலும் இப்படிச் சோதனைப் பதில்களை ஒரு கேஷ் ஃபைலில் சேர்த்துவைத்தது. பழைய பதில்களால் தொல்லை தாங்காமல், 2001-ல் வந்த 2.50 பதிப்பில் அந்தப் பழக்கத்தையே நிறுத்தினார்கள். இப்போது கேட்டால்தான் கேஷ், கேட்காவிட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சோதனை. நேரம் ஆகும். ஆனால் நேற்றைய பதில் இன்றைக்கு வராது. சிமேக் வேகத்தின் பக்கம் நின்றது. என்னைக் கேட்டால், நாம் சொன்ன பதில்களை நினைவில் வைப்பது சரி, தானாகச் சோதித்த பதில்களுக்காவது ஒரு காலாவதித் தேதி இருக்கலாம்.

சரி, மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

முதலில் நோட்டைத் திறந்து பாருங்கள். 'சிமேக்கேஷ்' சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான். வரிக்கு ஒன்றாகப் பெயர், வகை, மதிப்பு இருக்கும். நீங்கள் மாற்றிய பெயரைத் தேடினால் பழைய மதிப்பு முழித்துக்கொண்டு நிற்கும். 'மைனஸ் டி' கொடுத்துப் புதிய மதிப்பைச் சொல்லலாம். 'மைனஸ் யூ' கொடுத்து அந்த ஒரு வரியை மட்டும் அழிக்கலாம். மொத்தமும் சந்தேகமாக இருந்தால், 2022-ல் வந்த 3.24 பதிப்பிலிருந்து 'ஃபிரெஷ்' என்ற வசதி இருக்கிறது. பழைய நோட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும்.

ஃபைலுக்குள்ளேயே 'ஃபோர்ஸ்' என்று சேர்த்தால் நோட்டை மீறி எழுதலாம்தான். ஆனால் பில்ட் செய்பவர் ஆசையாகச் சொன்ன மதிப்பையும் அது ஒவ்வொரு முறையும் அழித்துவிடும். அடுத்தவர் நோட்டில் நாம் எழுதுகிற மாதிரி.

கம்பைலரையே மாற்ற வேண்டும் என்றால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம், புது ஃபோல்டர்தான் நல்லது. எந்தக் கம்பைலர் என்பதை முதல் ஓட்டத்திலேயே முடிவுசெய்து, அதைச் சுற்றித்தான் மற்ற பதில்களைச் சேர்க்கிறது சிமேக்.

இதையெல்லாம் ரூம்மேட்டிடம் சொன்னபோது, "டேய், நீ எப்படா இதெல்லாம் படிச்ச?" என்றான். போன வாரம் மறுபடி அதே மாதிரி சிக்கல் வந்தது. இந்த முறை ஃபோல்டரை டெலிட் செய்யவில்லை. நோட்டைத் திறந்தான், பெயரைத் தேடினான். 'ஆன்' என்று இருந்தது. 'மைனஸ் டி' போட்டு 'ஆஃப்' ஆக்கினான். பத்தரை மணிக்கெல்லாம் லைட்டை அணைத்துவிட்டோம்.